பிரேக் பிடித்தால் ஸ்டேரிங் ஆடுதா? டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் இதைப் படிங்க

வெள்ளிக்கிழமை இரவு. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் கார் 110-ல் சீராக ஓடுகிறது. முன்னால் ஒரு லாரி திடீரென வலது தடத்துக்கு வருகிறது. பிரேக்கை மிதிக்கிறீர்கள். ஸ்டேரிங் கையில் நடுங்குகிறது, பெடல் காலை உதைக்கிறது. வேகம் 60-க்குக் கீழே இறங்கியதும் எல்லாம் அடங்கிவிடுகிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

இதற்குப் பிறகு நம்மில் பலர் செய்வது இரண்டில் ஒன்று. “பிரேக் பிடிக்குதுல்ல, பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடுவோம். இல்லையென்றால் பட்டறைக்குப் போவோம். போர்மேன் “டிஸ்க் வளைஞ்சிருச்சு” என்பார், ஸ்கிம் செய்து கொடுப்பார், ஆட்டம் நின்றுவிடும். சில மாதம் கழித்து அதே ஆட்டம் திரும்ப வரும்.

ஏன் திரும்ப வருகிறது? ஆட்டத்தை நிறுத்துவது ஒரு வேலை, ஆட்டத்துக்குக் காரணமானதை நீக்குவது இன்னொரு வேலை. பெரும்பாலும் முதல் வேலைக்கு மட்டும்தான் காசு கொடுத்துவிட்டு வருகிறோம்.

சுருக்கமாகச் சொன்னால்:

• ஸ்டேரிங் ஆடினால் முன்சக்கர பிரேக்கையும், இருக்கை ஆடினால் பின்சக்கர பிரேக்கையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.
• பிரேக் பிடிக்காதபோதும் ஆடினால் டயர், ரிம், டயர் நட் பக்கம் பாருங்கள்.
• டிஸ்க் பெரும்பாலும் ‘வளைவதில்லை’. அதன் தடிமன் ஒரே சீராக இல்லாமல் போகிறது. அப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருக்கும்.
• பெடல் ஆழமாக இறங்கினாலோ, இரும்பு உரசும் சத்தம் கேட்டாலோ, கார் ஒரு பக்கமாக இழுத்தாலோ ஓட்டுவதை நிறுத்துங்கள்.

ஏன் இதைத் தள்ளிப்போடக் கூடாது?

சிங்கப்பூரில் 3 ஆண்டான கார்களை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், 10 ஆண்டைக் கடந்த கார்களை ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். மலேசியாவில் சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கு அப்படி ஒரு வழக்கமான சோதனை கிடையாது. பெயர் மாற்றும்போது, இ-ஹெய்லிங் ஓட்டும்போது என்று குறிப்பிட்ட சில நேரங்களில்தான் கேட்பார்கள். அதாவது, உங்கள் காரின் பிரேக்கைத் தவறாமல் கவனிக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

இன்னொரு ஆபத்து நம் காலில் இருக்கிறது. ஸ்டேரிங் நடுங்கியதும் பலர் பதறிப்போய், தங்களையறியாமல் பெடலிலிருந்து காலைத் தளர்த்திவிடுகிறார்கள். 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குள் கார் 30 மீட்டர் தாண்டிவிடும். முன்னால் நிற்கும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையில் அந்த 30 மீட்டர் இருக்குமா?

உள்ளே என்னதான் நடக்கிறது?

மைவி, ஆக்ஸியா, சாகா போன்ற நம் ஊர் சிறிய கார்கள் பலவற்றில் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் இருக்கும்.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் காலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ளும். இரண்டு பிரேக் பேடுகள் அந்தத் தட்டை இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். காரின் வேகம் அங்கே வெப்பமாக மாறும்.

எவ்வளவு வெப்பம்? சுமார் 1,000 கிலோ எடையுள்ள கார் 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிற்கும்போது வெளியாகும் ஆற்றல், ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதுவும் சில வினாடிகளில். வேகம் இரண்டு மடங்கானால் இந்த ஆற்றல் நான்கு மடங்காகும். அதனால்தான் பட்டணத்துக்குள் 50-ல் ஓட்டும்போது தெரியாத கோளாறு ஹைவேயில் ஏறியதும் தெரிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. சிறிய காரின் சக்கரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்குச் சுமார் 15 சுற்றுச் சுற்றும். டிஸ்க்கில் ஓர் இடத்தில் குறை இருந்தால் வினாடிக்கு 15 முறை ஒரு தட்டு விழுகிறது என்று அர்த்தம். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் மேலும் மேலும் உயர ஆடுமே, அதே கதைதான். அந்தத் தட்டுகளின் வேகம் ஸ்டேரிங்கும் சஸ்பென்ஷனும் இயல்பாக அதிரும் வேகத்தோடு சேர்ந்துகொண்டால் ஆட்டம் பெரிதாகும். வேகம் குறைந்ததும் அந்தச் சேர்க்கை கலைந்து, ஆட்டமும் மறைந்துவிடும். மறைந்துவிட்டது என்பதால் கோளாறு போய்விட்டது என்று நினைக்காதீங்க.

‘டிஸ்க் வளைஞ்சிருச்சு’: எவ்வளவு உண்மை?

சூட்டில் அப்பளம் மாதிரி டிஸ்க் வளைந்துவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கெட்டியான வார்ப்பிரும்புத் தட்டு சாதாரண ஓட்டத்தில் அவ்வளவு எளிதாக வளையாது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஓர் இடத்தில் கொஞ்சம் தடித்தும் இன்னோர் இடத்தில் கொஞ்சம் மெலிந்தும் போய்விடுகிறது.

‘கொஞ்சம்’ என்றால் நிஜமாகவே கொஞ்சம்தான். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே ஆட்டத்தை உணரப் போதும். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! தடித்த இடம் பேடுகளுக்கு நடுவே வரும்போது பேடு வெளியே தள்ளப்படுகிறது. பிஸ்டன் ஆயிலைத் தள்ள, ஆயில் பெடலைத் தள்ளுகிறது. உங்கள் காலில் படும் ‘உதை’ அதுதான். அதே நேரத்தில் பிடிமானம் கூடிக் குறைவதால் சக்கரம் வெட்டி வெட்டி இழுக்கிறது. அது ஸ்டேரிங்குக்கு வந்துசேர்கிறது.

சரி, தடிமன் எப்படி மாறுகிறது? மூன்று வழிகள் முக்கியமானவை.

முதலாவது, டிஸ்க் நேராக உட்காராதது. டிஸ்க் உட்காரும் இடத்துக்கு ஹப் என்று பெயர். அந்த முகப்பில் துரு இருந்தால், அதைத் துடைக்காமல் புது டிஸ்க்கைப் போட்டால், டிஸ்க் துளியளவு சாய்ந்தே உட்காரும். ஹப் சிறியது, டிஸ்க் பெரியது. ஆகவே நடுவில் உள்ள சிறு சாய்வு விளிம்பில் பெரிதாகத் தெரியும். பிரேக் பிடிக்காதபோதும் அந்தச் சாய்ந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடில் லேசாக உரசும். முதல் நாள் எதுவும் தெரியாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த இடம் மட்டும் தேய்ந்து, ஆட்டம் தொடங்கும். “மாத்தினப்ப நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப ஏன்?” என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

டயர் நட்டுகளை ஏனோதானோ என்று முடுக்குவதும் இதே வேலையைச் செய்யும். ஒரு பக்க நட்டுகளை முதலில் முழுதாக முடுக்கினாலோ, காற்றழுத்தத் துப்பாக்கியால் ஒன்றை அதிகமாகவும் ஒன்றைக் குறைவாகவும் முடுக்கினாலோ டிஸ்க் சரிசமமாக அழுந்தாது.

இரண்டாவது, பேடின் பூச்சு டிஸ்க்கில் ஒட்டிக்கொள்வது. வேகமாக வந்து, பலமாகப் பிரேக் பிடித்து, டோல் சாவடியிலோ சிவப்பு விளக்கிலோ பெடலை அழுத்தியபடியே நிற்கிறீர்கள். கொதிக்கும் டிஸ்க்கில் ஒரே இடத்தில் பேடு அழுந்தி நிற்கும்போது, அந்த இடத்தில் பேடின் பொருள் படிந்துவிடலாம். துணியில் சூடான இஸ்திரிப் பெட்டியை எடுக்காமல் வைத்த மாதிரி.

மூன்றாவது, துரு. மார்ச் 2020-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பல வாரங்கள் நின்றுபோன கார்கள் ஞாபகமிருக்கிறதா? நம் ஊர் ஈரக் காற்றில் டிஸ்க் சீக்கிரம் துருப்பிடிக்கும். லேசான துரு நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். நீண்ட நாள் நின்றால் பேடு மூடியிருந்த இடம் ஒரு மாதிரியும் மற்ற இடம் வேறு மாதிரியும் அரிக்கப்பட்டு, தழும்பு விழுந்துவிடும்.

எங்கே ஆடுகிறது? காரே சொல்லும்

பட்டறைக்குப் போகுமுன் இதைக் கவனித்துக் கைப்பேசியில் குறித்துவையுங்கள்.

ஸ்டேரிங் இடவலமாக நடுங்கினால்: பெரும்பாலும் முன் டிஸ்க். தேய்ந்த டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், லோவர் ஆர்ம் புஷ் ஆகியவை சிறிய ஆட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டும்.

இருக்கையும் தரையும் அதிர்ந்தால், ஸ்டேரிங் அமைதியாக இருந்தால்: பின்சக்கரம். டிரம் வட்டம் கெட்டிருக்கலாம். பின்னால் டிஸ்க் உள்ள கார் என்றால் பின் டிஸ்க்.

பெடல் மட்டும் மேலும் கீழும் துடித்தால்: டிஸ்க் தடிமன் சீராக இல்லை, அல்லது டிரம் வட்டமாக இல்லை.

அவசரமாக அழுத்தும்போது மட்டும், ‘டகடக’ என்ற சத்தத்தோடு பெடல் அதிர்ந்தால்: அது ஏபிஎஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கத் தன் வேலையைச் செய்கிறது. அது கோளாறு இல்லை, காலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். ஆனால் மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போதும் அப்படித் துடித்தால், அல்லது ஏபிஎஸ் விளக்கு அணையாமல் இருந்தால், காட்ட வேண்டும்.

பிரேக் பிடிக்காதபோதும் ஆடினால்: டயர் பேலன்சிங், குழியில் விழுந்து நெளிந்த ரிம், வீங்கிய டயர், தளர்ந்த நட். ஸ்போர்ட் ரிம் மாற்றியிருந்தால், அதன் நடுத் துளை ஹப்போடு பொருந்துகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கார் ஒரு பக்கமாக இழுத்தால்: ஒரு காலிப்பர் சிக்கியிருக்கலாம், அல்லது பிரேக் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம்.

நீங்களே செய்யக்கூடிய ஆறு சோதனைகள்

காரை ஜேக்கில் தூக்கிக் கீழே படுக்க வேண்டாம். அது ஆபத்து. இந்த ஆறுக்கும் அது தேவையே இல்லை.

1. டயர் நட். அண்மையில் டயர் மாற்றியிருந்தால் முதலில் இதுதான். காரோடு வந்த ஸ்பேனரால் ஒவ்வொரு நட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த நட் சக்கரத்தையே கழற்றிவிடும். நட்சத்திரம் வரைவது போல எதிரெதிராக முடுக்க வேண்டும். டயர் மாற்றி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

2. பிரேக் இல்லாமல் ஓட்டம். நேரான, நெரிசல் இல்லாத சாலையில் சட்டப்படியான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பெடலைத் தொடாமலே ஆடினால் பிரேக்குக்குச் செலவு செய்வதற்கு முன் டயர் கடைக்குப் போங்க.

3. ரிம்மின் இடைவெளி வழியே பார்வை. கார் ஆறிய பிறகு கைப்பேசி விளக்கை அடித்து டிஸ்க்கைப் பாருங்கள். ஆழமான கீறல்கள், நீலம் பாய்ந்த திட்டுகள், விளிம்பில் படி மாதிரி எழுந்து நிற்கும் மேடு ஆகியவை கேட்டுப் பார்க்க வேண்டிய அறிகுறிகள். பேடு தெரிந்தால் அதன் தடிமனையும் பாருங்கள். புதிது பொதுவாக 10 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டிய நேரம்.

4. வெப்பம். அதிகம் பிரேக் பிடிக்காமல் 15 நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். நான்கு ரிம்களுக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடாதீங்க. ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டே இருக்கிறது.

5. பிரேக் ஆயில். பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவில் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். பேடு தேயத் தேய அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆகவே குறைந்திருந்தால் சும்மா ஊற்றி நிரப்பாதீர்கள். முதலில் பேடு தேய்ந்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

6. ஹேண்ட்பிரேக். இழுக்கும் வகை ஹேண்ட்பிரேக்கும் பின்னால் டிரம்மும் உள்ள கார்களுக்கு மட்டும். காலியான மைதானத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில், பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுங்கள். அப்போதும் ஆடினால் கோளாறு பின்னால்தான். ஈரத் தரையிலும் பொதுச் சாலையிலும் இதைச் செய்யவே கூடாது. பொத்தானில் இயங்கும் எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக்கில் முயலாதீங்க.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

சாதாரண ஆட்டம் என்றால் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கூடாது:

• பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, அல்லது தரை வரை போகிறது
• சிவப்பு பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது
• இரும்போடு இரும்பு உரசும் சத்தம்
• கார் பலமாக ஒரு பக்கம் இழுக்கிறது
• சக்கரத்தருகே ஆயில் கசிவு, புகை, அல்லது கருகும் வாடை
• ஆட்டம் சில நிமிடங்களிலேயே மோசமாகிக்கொண்டு போகிறது

நெடுஞ்சாலையில் இருந்தால் அவசர விளக்கைப் போட்டு, ஓரத் தடத்துக்கு வந்து, எல்லாரும் இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். காருக்குள் உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம். பிளஸ் நெடுஞ்சாலையின் உதவி எண் 1800-88-0000.

பட்டறையில் எப்படிப் பேசுவது?

“அண்ணே, பிரேக் சரியில்ல, பாருங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால், என்ன செய்வது என்பதை அவரே முடிவு செய்வார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“அண்ணே, 90-க்கு மேல பிரேக் பிடிச்சா ஸ்டேரிங் ஆடுது. பிரேக் பிடிக்கலன்னா ஆடல. பேடு மாத்தி ஏழு மாசம் ஆச்சு. டிஸ்க்கை அளந்து பார்த்துட்டுச் சொல்லுங்க.”

மலாய் பேசும் போர்மேன் என்றால் “ஸ்டெரிங் பெர்கெகார் பிலா பிரேக்” என்று தொடங்குங்கள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டேரிங் அதிர்கிறது என்று அர்த்தம். வேலை முடிந்ததும் “போலே துஞ்சோக் பாராங் லாமா?” என்று கேட்டுப் பழைய பொருளைப் பாருங்கள். நல்ல பட்டறையில் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

‘அளந்து’ என்ற சொல்தான் இங்கே முக்கியம். கண்ணால் பார்த்து 0.02 மில்லிமீட்டரைச் சொல்ல யாராலும் முடியாது. டிஸ்க்கைச் சுற்றி ஆறு முதல் எட்டு இடங்களில் மைக்ரோமீட்டரால் தடிமனை அளக்க வேண்டும். டயல் கேஜை வைத்து டிஸ்க்கைச் சுற்றவிட்டு, எவ்வளவு அலைகிறது என்று பார்க்க வேண்டும். அனுமதிக்கும் அளவு காருக்குக் கார் மாறும். பொதுவாக அது 0.1 மில்லிமீட்டருக்கு உள்ளேதான்.

அதோடு இந்த நான்கையும் செய்யச் சொல்லுங்கள். பெரிய பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை, கூலிதான் அதிகம்.

• ஹப் முகப்பில் உள்ள துருவைச் சுத்தமாகத் தேய்த்தெடுப்பது
• காலிப்பரின் நகரும் பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்குரிய கிரீஸ் போடுவது
• வீல் பேரிங், பால் ஜாயின்ட், புஷ் ஆகியவற்றில் தளர்வு இருக்கிறதா என்று பார்ப்பது
• டயர் நட்டை டார்க் ரென்ச்சால் முடுக்குவது. சிறிய கார்களில் இது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். சரியான எண் உங்கள் காரின் கையேட்டில் உண்டு.

இவற்றைத் தவிர்த்துவிட்டு டிஸ்க்கை மட்டும் ஸ்கிம் செய்தால், பழைய துருவின் மேலேயே டிஸ்க் திரும்ப உட்காரும். அதே சாய்வு, அதே உரசல், அதே ஆட்டம். செலவு மட்டும் புதிது.

ஸ்கிம் செய்வதா, புதுசு போடுவதா?

டிஸ்க்கின் மேல், ‘குறைந்தபட்சத் தடிமன்’ என்ற பொருளில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். புது டிஸ்க் 20 மில்லிமீட்டர், குறைந்தபட்சம் 18 என்று வைத்துக்கொள்வோம். இப்போது 19.2 இருந்தால் ஸ்கிம் செய்யலாம். 18.2 என்றால், கடைந்த பிறகு எல்லைக்குக் கீழே போய்விடலாம். மெலிந்த டிஸ்க் வெப்பத்தைக் குறைவாகவே தாங்கும், ஆட்டமும் சீக்கிரம் திரும்பும். அப்போது புது டிஸ்க்தான் சரி. வெடிப்பு தெரிந்தால் பேச்சே இல்லை, மாற்றியாக வேண்டும்.

சில பட்டறைகளில் டிஸ்க்கைக் கழற்றாமல் காரிலேயே வைத்துக் கடையும் இயந்திரம் இருக்கும். அந்த ஹப்போடு பொருந்தும்படியே கடைவதால், இது பல நேரங்களில் நல்ல பலன் தரும்.

எதைச் செய்தாலும் இடது, வலது இரண்டுக்கும் சேர்த்தே செய்ய வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் கார் இழுக்கும். டிஸ்க் புதிது என்றால் பேடும் புதிதாக இருப்பது நல்லது. பழைய பேடு பழைய டிஸ்க்கின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும்.

பேடு வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். மாற்றுப் பிரேக் பாகங்களுக்கென ஐக்கிய நாட்டு அமைப்பின் ‘ஆர்90’ என்ற தர விதி இருக்கிறது. பெட்டியில் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரிஜினல் மாதிரியே அச்சடித்த போலிப் பெட்டிகளும் சந்தையில் உண்டு. நம்பகமான கடையில் வாங்கி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றியாச்சு. அடுத்து?

புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். நெரிசல் இல்லாத சாலையில், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, 60 கிலோமீட்டரிலிருந்து 20 வரை மிதமாக வேகத்தைக் குறையுங்கள். முழுதாக நிற்க வேண்டாம். அரை நிமிட இடைவெளி விட்டு எட்டுப் பத்து முறை செய்த பிறகு, சில கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேடு நிறுவனம் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதல் 300 கிலோமீட்டர் வரை, அவசியம் இல்லாமல் பலமாகப் பிரேக் பிடிக்காதீர்கள்.

கெந்திங் போறீங்களா? இதையும் படிங்க

கெந்திங் மலை உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். 1,000 கிலோ காரை வெறும் பிரேக்கை மட்டும் வைத்து 1,000 மீட்டர் இறக்கினால் வெளியாகும் ஆற்றல், அதே காரை 110 வேகத்திலிருந்து இருபது தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். எஞ்சினுக்கு நீங்கள் வேலை கொடுக்கவில்லை என்றால் மீதி முழுவதும் டிஸ்க்கின் தலையில்தான் விழும்.

மலைச் சாலைகளில் ‘குனா கியர் ரெண்டா’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். தாழ்ந்த கியரைப் பயன்படுத்துங்கள் என்பது அதன் பொருள். ஆட்டோ கார் என்றால் 2, எல், எஸ், பி ஆகியவற்றில் உங்கள் காரில் எது உள்ளதோ அதற்கு, இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றுங்கள். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு ஆறவிட்டு, மறுபடி அழுத்துங்கள். நியூட்ரலில் இறங்குவதும் எஞ்சினை அணைப்பதும் கூடவே கூடாது. எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி விசையும் போய்விடும்.

பிரேக் ஆயிலுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்தக் குறைந்தபட்ச அளவு 155 பாகையாக இறங்கிவிடுகிறது. கொதித்தால் குமிழ் உண்டாகும், பெடல் பஞ்சாகும். அதனால்தான் பல நிறுவனங்கள் ஏறக்குறைய 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன.

கீழே இறங்கியதும் நேராகக் கார் கழுவும் கடைக்குப் போகாதீர்கள். சூடான டிஸ்க்கில் குளிர்ந்த நீரைப் பாய்ச்சுவது நல்லதல்ல. பலமாகப் பிரேக் பிடித்து நின்ற பிறகு, சமதரை என்றால் பெடலைக் கொஞ்சம் தளர்த்தி, காரை ஓர் அடி நகரவிட்டு நிறுத்துங்கள். பேடு ஒரே இடத்தில் ஒட்டாமல் இருக்க இது உதவும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலைன்மெண்ட் செய்தால் ஆட்டம் போகுமா?
போகாது. அலைன்மெண்ட் என்பது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் வரும் ஆட்டத்துக்கு அது மருந்தல்ல.

புது டிஸ்க் போட்டும் ஆடுகிறதே?
ஹப் சுத்தம் செய்யப்பட்டதா, நட் அளவாக முடுக்கப்பட்டதா, டிஸ்க் எவ்வளவு அலைகிறது என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அவை சரியென்றால் புஷ், பால் ஜாயின்ட், வீல் பேரிங், பின் டிரம் என்று தேட வேண்டும்.

ஆட்டம் லேசாகத்தான் இருக்கு. தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாமா?
கார் நிறைய ஆட்கள், பூட் நிறைய பலகாரம், மூட்டை. எடை கூடினால் பிரேக்குக்கு வேலையும் கூடும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே காட்டிவிடுங்கள். முதல் நாள் சாயங்காலம் போனால் பட்டறையில் வரிசைதான் மிஞ்சும், அளந்து பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

இன்று வீட்டுக்குப் போகும்போது ரேடியோவை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் கை என்ன உணர்கிறது, கால் என்ன உணர்கிறது என்று கவனியுங்கள். ஏதாவது ஆடினால் எந்த வேகத்தில், எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். பட்டறைக்கு நீங்கள் கொண்டுபோக வேண்டிய முதல் பொருள் அந்தக் குறிப்புதான்.